பன்றிக்குள் இருந்த குண்டு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயம்தான். வார்த்த ஈயக் குண்டை வளையத்துக்குள் தள்ளி, துப்பாக்கிக் குழலுக்குச் சரியான அளவாக்குவது அரண்மனையில் என் வேலை.

ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் ஜமீன்தார் புது ரைபிளைக் காட்டினார். "நாற்பது பன்றி சுட்டது இது. நாளைக்குள்ள இதுக்குக் குண்டு வேணும், வெள்ளத்தாயி. ஆனா நீ இதைத் தொடப்படாது. அளவு தப்புச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிரு."

"ஆகட்டும் எசமான். அந்தப் பன்றிகள்ல இருந்து எடுத்த குண்டு ஒண்ணு குடுங்க. நசுங்கியிருந்தாலும் அடிப்பக்கத்துல குழலோட அளவு இருக்கும்."

ஜமீன்தார் ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாற்பதுல ஒண்ணுகூடவா இல்லை?" என்று சிரித்தார் ஒரு விருந்தாளி.

ஜமீன்தாரின் முகம் கறுத்தது. "சமையல்காரர் குண்டையெல்லாம் எலும்போட தூக்கிப் போட்டிருப்பாருங்க" என்றேன்.

"ஆமா, ஆமா! இந்தா, இதுலயே அளந்துக்க" என்று ரைபிளை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.