கருப்பட்டிக்குத் துணை தேடிய ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ராஜாவின் பெயர் கனகசேகரர். போர்க்களத்தில் பயம் அறியாதவர், குடிமக்களிடம் இளகிய மனசுக்காரர். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் மட்டும் வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் நிற்கும் ஆடு மாதிரி தயங்குவார். முன்னால் ஒரு கால் வைப்பார், பின்னால் இரண்டு கால் வைப்பார்.

அந்த வருஷம் அவரைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒரு நாய்க்குட்டியைப் பற்றியது.

வேட்டைக்குப் போன இடத்தில் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியை ராஜா தம் சால்வைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்தார். "கருப்பட்டி" என்று அவர் ஒரு முறை கூப்பிட்டால் போதும், அரண்மனையின் எந்த மூலையில் இருந்தாலும் காதுகள் பறக்க ஓடி வந்து அவர் காலில் விழுந்து புரளும். நாடே கும்பிடுகிற மனிதருக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். கும்பிடுகிறவர்களில் ஒருவர்கூட அப்படி ஓடி வந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு சங்கடம். ராஜா சபைக்குக் கிளம்பியதும் முற்றத்துத் தூணில் கட்டியிருக்கும் கருப்பட்டி ஊளையிட ஆரம்பித்துவிடும். சபைக்குள் நாய் வரக்கூடாது என்று பிரதானி திருமலையப்பர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிரதானி என்றால் மந்திரிகளுக்கெல்லாம் மேலே உள்ள மந்திரி. அவர் சொன்னால் ராஜாவே தலையாட்டிவிடுவார்.

"பாவம், அதற்குத் துணை இல்லை. இன்னொரு குட்டி இருந்தால் ஊளையிடாது" என்று ராஜாவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை. ஒரு மாதம் கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டார். தலைமைச் சமையல்காரர், "இன்னொன்று வரட்டும் மகாராஜா, எலும்பு மிஞ்சித்தான் போகிறது" என்றார். பட்டத்து ராணியோ, "இருக்கிற ஒன்றே என் பட்டுப்புடவைகளில் மூன்றின் முந்தானையைத் தின்றுவிட்டது. இன்னொன்று வந்தால் நான் பிறந்த வீட்டுக்குப் போகிறேன்" என்றார். ஏரி மதகு உடைந்துவிட்டது என்று முறையிட வந்த கிராமத்து ஆட்களிடம்கூட ராஜா நாய்க்குட்டியைப் பற்றித்தான் கேட்டார். அவர்கள் மதகை மறந்து ஆளுக்கொரு பக்கம் பேசி, சபையிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் ராஜா சொன்னார்: "ஒன்று செய்யலாம். ஒரு குட்டியைக் கொண்டுவந்து நாலு நாள் வைத்துப் பார்ப்போம். ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம்."

பிரதானி எழுந்தார். "மன்னிக்க வேண்டும் பிரபு. அதற்கு வழியில்லை. கைக்கவள மரியாதையைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். இந்த அரண்மனைக்குள் ராஜா தம் கையால் ஒரு கவளம் ஊட்டிவிட்டால், எந்த உயிரானாலும் சரி, அதன் ஆயுள் உள்ளவரை கோட்டைக்கு வெளியே அனுப்பக்கூடாது. தங்கள் முன்னோர் வகுத்த சட்டம் இது. ஒரு குட்டி வந்து தங்கள் முகத்தைப் பார்த்தால் தாங்கள் ஊட்டாமல் இருப்பீர்களா?"

ராஜா தம் கையைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைமேல் அவருக்கே நம்பிக்கையில்லை. அவருடைய தகப்பனார் எப்போதோ ஆசையாக ஊட்டிவிட்ட ஒரு கிழட்டு ஆடு, இன்னும் நந்தவனத்து மல்லிகையை மேய்ந்துகொண்டு எல்லாரையும் முட்டித் திரிந்தது. அதை விரட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை.

பிரதானி உட்காரவில்லை. "பிரபு, இதற்குத் தகுந்த ஆள் சபையிலேயே இருக்கிறார். விகடர் இடும்பன். அவரால் முடியாதது உண்டா? இரண்டாவது குட்டி கோட்டைக்குள் காலடி வைக்காமலே, அது வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் காட்டட்டும். நாளை விளக்கு வைப்பதற்குள் காட்டட்டும். முடியாவிட்டால், வெறும் வாய்ப்பேச்சுக்காரருக்கு இந்த நாட்டில் என்ன வேலை?"

இடும்பன் பத்து வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த விகடர். பிரதானிக்கு அவர்மேல் அத்தனை வயிற்றெரிச்சல். தாம் மூன்று நாழிகை விளக்கும்போது கொட்டாவி விடும் ராஜா, இடும்பன் வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருகிறாரே என்ற எரிச்சல். இன்னொரு காரணமும் இருந்தது. பிரதானியின் மைத்துனர் உசத்தி ஜாதி வேட்டை நாய்கள் வளர்ப்பவர். அவர் அனுப்பிய ஒரு குட்டி, கோட்டைக்கு வெளியே மதிலை ஒட்டியிருந்த பிரதானி வீட்டில் கூடைக்குள் தயாராக இருந்தது. விகடர் தோற்று ஊரைவிட்டுப் போன அதே நிமிஷத்தில் அதை ராஜா மடியில் வைத்து நல்ல பெயர் வாங்குவதாகத் திட்டம்.

ராஜாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆமாம் இடும்பா, எனக்குக் காட்டு. சொல்ல வேண்டாம். சொல்வதை எல்லாம் ஒரு மாதமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காட்டினால் பரிசு. காட்டாவிட்டால் பிரதானியார் சொன்னபடி நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

"உத்தரவு மகாராஜா" என்றார் இடும்பன்.

வாயால் உத்தரவு என்று சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு உண்மையில் பயமாக இருந்தது. நாற்பது வயதுக்குமேல் எந்த நாட்டில் போய் யாரைச் சிரிக்க வைப்பது? மனைவி காமாட்சியிடம் என்ன சொல்வது? போகிற வழியில் முற்றத்தில் கட்டிக்கிடந்த கருப்பட்டியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ராஜா இன்னும் சபையில்தான் இருந்தார். கருப்பட்டி ஊளையிட்டது. இடும்பன் அதைத் தட்டிக்கொடுத்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை. நேரே தொழுவத்துக்குப் போய் ஒரு கயிறும் கன்றுக்குட்டிக்குக் கட்டும் மணி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ராஜா பள்ளியறைக் கதவைத் திறந்தார். வழக்கம்போலக் கருப்பட்டி வாசலில் காத்திருந்தது. அதன் பக்கத்தில், கழுத்தில் மணியும் கயிறுமாக, நாலு காலில் இடும்பன் நின்றிருந்தார்.

"இடும்பா, இது என்ன கோலம்?" என்றார் ராஜா.

"வவ்" என்றார் இடும்பன். அன்று பகல் முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தினமும் ஒரு பாதரட்சை கடிபடும். அன்று ஜோடியாகக் கடிபட்டது. நாலாவது முந்தானையும் போனது. அதைக் கிழிக்கக் கருப்பட்டி ஒரு பக்கம் இழுக்க, விகடர் மறுபக்கம் இழுத்தார். ராணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்; கருப்பட்டி கட்டிலுக்கு அடியில் புகுந்து தப்பித்தது, இடும்பன் பாதிதான் புக முடிந்தது. அடி எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சமையற்கட்டில் பால் குண்டான் உருண்டது. எலும்பு மிஞ்சுகிறது என்று சொன்ன சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரதானி சபை வாசலுக்கு வந்தபோது அவருடைய சரிகை அங்கவஸ்திரம் தோளில் இருந்தது. உள்ளே நுழைந்தபோது இல்லை.

"பிரபு, இது அவமானம். ஒரு மனிதர் நாய் வேஷம் போட்டுக்கொண்டு என் துணியை உருவுகிறார்" என்றார் பிரதானி.

"குட்டிகள் அப்படித்தான் பிரதானியாரே" என்றார் ராஜா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. அன்று சபை நடக்கையில் முற்றத்திலிருந்து ஒரு ஊளைகூடக் கேட்கவில்லை. கேட்டீர்களா, எவ்வளவு அமைதி என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இன்னொரு குட்டி வாங்கியே தீருவது என்று அப்போதே முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். கருப்பட்டிக்கு ராஜா பருப்பும் நெய்யும் பிசைந்து ஒரு கவளம் ஊட்டினார். இடும்பன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தார். ராஜா சிரித்துக்கொண்டே அவர் வாயிலும் ஒரு கவளம் வைத்தார். பரிமாறியவர்கள் சிரித்தார்கள், பிரதானி முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ராஜா நந்தவனத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "கருப்பட்டி" என்று கூப்பிட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் அது அவர் காலடியில் சுருண்டு படுக்கும்.

கருப்பட்டி வரவில்லை. மல்லிகைப் புதருக்கடியில் இடும்பனோடு சேர்ந்து பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. ராஜா மறுபடி கூப்பிட்டார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. இடும்பன் ஒரு "வவ்" போட்டுவிட்டு ஓட, அது அவர் பின்னால் ஓடிவிட்டது. மூன்றாவது முறை எழுந்து நின்று கூப்பிட்டார். இந்த முறை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழட்டு ஆடு மட்டும் மென்றுகொண்டே ராஜாவைப் பார்த்தது.

ராஜாவின் சிரிப்பு போய்விட்டது. ஒரு நாய் வரவில்லை என்பதற்காக நெஞ்சு அடைக்குமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அடைத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சபை கூடியது. இரண்டு பேரும் மண்ணும் சேறுமாக வந்து சேர்ந்தார்கள்; தீர்ப்பு கேட்கும் அவசரத்தில் நாய்க்கான தடையைப் பிரதானியே மறந்துவிட்டார். கருப்பட்டி இடும்பன் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. ராஜா சிம்மாசனத்தில் இறுகிய முகத்தோடு இருப்பதைப் பார்த்த பிரதானி, இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"பிரபு, பகல் முழுவதும் கூத்து நடந்ததே தவிர, கேட்டதற்கு விடை இல்லை. வாக்குப்படி விகடர் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"போகட்டும்" என்றார் ராஜா. "என் குட்டியை என்னிடமிருந்து பிரித்துவிட்டான். மூன்று முறை கூப்பிட்டேன், வரவில்லை. இவனை நான் இனி இங்கே பார்க்க வேண்டாம். வெளியே அனுப்புங்கள்."

இடும்பன் கருப்பட்டியை இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். கழுத்து மணியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"போகத்தான் நினைக்கிறேன் மகாராஜா. ஆனால் போக வழியில்லை. மத்தியானம் தங்கள் கையால் ஒரு கவளம் சாப்பிட்டேன். நெய் நன்றாக இருந்தது. கைக்கவள மரியாதைப்படி என் ஆயுள் உள்ளவரை யாரும் என்னை வெளியே அனுப்பக்கூடாது."

"அது ஆடு மாடுகளுக்கு" என்றார் பிரதானி.

"எந்த உயிரானாலும் சரி என்று நேற்று தாங்கள்தான் ஓதினீர்கள் பிரதானி ஐயா. நானும் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும்தான் செத்துவிட்டது."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

இடும்பன் அவர் பக்கம் திரும்பினார். "மகாராஜாவுக்குக் கோபமாக இருக்கிறதா?"

"கொதிக்கிறது."

"வருத்தம்?"

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாங்கள் காட்டச் சொன்னது அதைத்தான் அரசே. காட்டிவிட்டேன். எனக்கு நரைத்துவிட்டது, வால் கிடையாது, கடிக்க நல்ல பல்லும் இல்லை. அப்படிப்பட்ட நானே ஒரு பகலில் தங்கள் குட்டியைத் தங்கள் குரலுக்குத் திரும்பாமல் செய்துவிட்டேன். நிஜக் குட்டி ஒன்று வந்து இராப்பகலாகக் கூடவே உருண்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் அரண்மனை வேண்டும், பாலும் சோறும் வேண்டும். ராஜா வேண்டியிருக்காது."

ராஜா மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால், வேண்டவே வேண்டாம் என்கிறாயா?"

"இப்போது வேண்டாம். கருப்பட்டி முதலில் தங்கள் குட்டியாக வளரட்டும். ஒரு வருஷம் போகட்டும், பிறகு ஒன்று வரலாம்."

"ஊளையிடுகிறதே, இடும்பா. தனியாக இருக்கிறதே."

"நேற்று கூடவே உட்கார்ந்து பார்த்தேன் மகாராஜா. பக்கத்துத் தெருவில் எத்தனையோ நாய்கள் குரைத்தன. அது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காது இரண்டும் இந்தச் சபை வாசலை நோக்கியே இருந்தன. அதற்குத் தேவை இன்னொரு நாய் இல்லை."

ராஜாவின் கண் கலங்கியது. சிம்மாசனத்திலிருந்து குனிந்து, மெதுவாக, "கருப்பட்டி" என்றார். விளையாட்டுத் தோழன் மனிதனாகிப் பேசிக்கொண்டிருந்ததால் சலித்துப்போயிருந்த கருப்பட்டி காதைத் தூக்கியது. அவ்வளவுதான். சேற்றுக் காலோடு ரத்தினக் கம்பளத்தின்மேல் ஓடி வந்து அவர் காலில் விழுந்து புரண்டது.

ராஜா சிரித்தார். காலையில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சத்தத்துக்குப் பிரதானியின் ஆசனத்துக்குப் பின்னாலிருந்து "கீ, கீ" என்று ஒரு பதில் வந்தது. மூடிய கூடை ஒன்று ஆடியது. வெற்றி நிச்சயம் என்று நம்பிப் பிரதானி அதைச் சபைக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்.

"பிரதானியாரே, இரண்டாவது குட்டி கோட்டைக்குள் காலடி வைக்கக்கூடாது என்று சொன்னது நீர்தானே?" என்றார் ராஜா.

"காலடி வைக்கவில்லை பிரபு" என்றார் பிரதானி, வியர்வையைத் துடைக்க அங்கவஸ்திரத்தைத் தேடிக்கொண்டே. "கூடைக்குள்தான் இருக்கிறது."

"அப்படியே கூடையோடு உம் வீட்டுக்குக் கொண்டுபோம். உம் வீட்டில் அது முதல் குட்டி. ஒரு வருஷம் உம் கையால் ஊட்டி, கூப்பிட்டால் வருகிற மாதிரி வளர்த்து, பிறகு இங்கே கொண்டுவாரும். அதுவரை அது கடிப்பது எல்லாம் உம்முடையதாக இருக்கட்டும்."

பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, கயிற்றுத் தடம் சிவந்திருந்த இடும்பனின் கழுத்தில் போட்டார். கருப்பட்டியை நாளையிலிருந்து சபைக்கு அழைத்து வர உத்தரவிட்டார். பிரதானிகூட மறுத்துப் பேசவில்லை. ஏரி மதகையும் அன்றைக்கே கட்டச் சொல்லிவிட்டார். முடிவு எடுப்பது ஒரு முறை பழகிவிட்டால் அப்புறம் சுலபம்தான்.

அன்று முதல் அந்த அரண்மனையில் வெளியே அனுப்ப முடியாதவர்கள் மூன்று பேர்: ஓர் ஆடு, ஒரு நாய், ஒரு விகடர். கருப்பட்டி சிம்மாசனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு ராஜ்ய விவகாரம் எல்லாம் கேட்டது. ஊளை நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்துப் பிரதானி தாமதமாகச் சபைக்கு வந்தார். தோளில் அங்கவஸ்திரத்தின் பாதிதான் இருந்தது. ஒரு காலில் மட்டும் பாதரட்சை.

"என்ன ஆயிற்று பிரதானியாரே?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை பிரபு" என்றார் பிரதானி.

"வவ்" என்றார் இடும்பன். ராஜா சிரித்த சிரிப்பில் கருப்பட்டி எழுந்து குரைக்க, பிரதானி வீட்டிலிருந்து இன்னொரு குரல் அதற்குப் பதில் சொன்னது.