அலகுக்கு எட்டாத இறகுகள்

முன்பு ஒரு கடற்கரை ஊரில் சலேத்தம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கஸ்பார். மகள் பிரகாசி, அவனுக்கு இளையவள்.

கஸ்பார் ஒரு கிளி வளர்த்தான். கண் திறக்காத குஞ்சாகக் கிடைத்ததை ஊறவைத்த பயறு ஊட்டி ஆளாக்கியது அவன்தான். கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "எம்மா, வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பான். கிளி அதைக் கேட்டுக் கேட்டு, அவன் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொல்லிவிடும். வீடே சிரிக்கும்.

ஒரு வாடைக்காலத்தில் கஸ்பாரின் படகு திரும்பவில்லை. மற்ற படகுகள் தேடிப் போய் வந்தன. ஒரு பலகைகூட அகப்படவில்லை. உடல் வராத வீட்டில் எப்படி அழுவது என்று ஊருக்குத் தெரியவில்லை. சலேத்தம்மாளும் அழாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கூண்டுக்குள்ளிருந்து கிளி சொன்னது: "எம்மா, வந்துட்டேன்."

சலேத்தம்மாள் எழுந்து போய் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக் கூண்டுக்குள் வைத்தாள்.

அதன்பின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கிளி கஸ்பாரின் குரலில் பேசினால் பழம். தன் குரலில் கீச்சிட்டால் கூண்டின் மேல் பழைய சேலை விழும், உள்ளே இருட்டாகிவிடும். கிளி அறிவுள்ளது. தன் குரல் இருட்டைக் கொண்டுவரும், அவன் குரல் பழத்தைக் கொண்டுவரும் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டது. தன் குரலை விழுங்கியது.

பங்குச் சாமியார் வந்து, கஸ்பாரின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கலாமா என்று கேட்டார்.

"மவன் வீட்லதான சாமி இருக்கான். பூசை எதுக்கு?" என்றாள் சலேத்தம்மாள்.

உள்ளேயிருந்து, "எம்மா, யாரு வந்துருக்கா?" என்று குரல் கேட்டது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்தக் கேள்வியை யாரும் கிளிக்குச் சொல்லித் தரவில்லை.

கிளியின் தொண்டையில் குடியிருந்த அந்தக் குரல் வளரத் தொடங்கியிருந்தது. முதலில் விருந்தாளிபோல ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. பிறகு காலை நீட்டியது. பிறகு வீட்டுக்காரன்போலப் பேசியது.

இறகுகள்தாம் அதை முதலில் உணர்ந்தன.

"நம் உடம்புக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள்" என்றது மார்பு இறகு.

"அந்த அம்மாளிடம் சொல்லுவோம்" என்றது வால் இறகு.

இறகுகளுக்கு வாய் கிடையாது. அசைவுதான் அவற்றின் பேச்சு. குரல் பேசும்போதெல்லாம் பிடரி இறகுகள் குத்திட்டு நின்று, "பயமாயிருக்கிறது" என்றன. வால் இறகு விசிறிபோல விரிந்து, "கிட்டே வராதே" என்றது. மார்பு இறகுகள் நாள் முழுக்க உப்பிக்கொண்டு, "நோயாயிருக்கிறது, பார்" என்றன. கிளியின் கண்மணி விரிந்து சுருங்கி, சுருங்கி விரிந்து, தன்னால் ஆனமட்டும் கத்தியது.

சலேத்தம்மாள் பார்த்தாள்.

"ஏ பிள்ள, இங்க வந்து பாரு" என்று மகளைக் கூப்பிட்டாள். "எப்படிப் பொம்மிக்கிட்டு நிக்கான்! ஒடம்பு போட்டுட்டான். வால விரிச்சு ஆடுறத பாரு!"

"அது ஆட்டமில்லம்மா" என்றாள் பிரகாசி. "அதுக்கு என்னவோ செய்யுது."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. நீ போய் வேலையப் பாரு."

ஒருநாள் காலை, குரல் புதிதாக ஒன்று சொன்னது: "எம்மா, இங்க ரொம்பக் குளிருது. தண்ணி காதுக்குள்ள போவுது."

சலேத்தம்மாள் பதறிப்போனாள். பழைய சேலையை எடுத்துக் கூண்டைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டினாள். கிளியின் தலை தெரியும் அளவுக்கு மட்டும் மேலே ஓர் இடைவெளி விட்டாள்.

"இப்போ குளிரலல்ல ராசா?"

"குளிரலம்மா" என்றது குரல்.

சேலைக்குப் பின்னால், அன்றைக்கே அலகு வேலையைத் தொடங்கியது. மார்பிலிருந்து ஒவ்வோர் இறகாகப் பிடுங்கிக் கீழே போட்டது.

"எங்களை ஏன் பிடுங்குகிறாய்?" என்று மார்பு இறகு கேட்டது. "உன்னைக் குளிரிலிருந்து காத்தது நாங்கள்தானே?"

"உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை" என்றது அலகு. "உள்ளே ஒருவன் இருக்கிறான். அவனைத் தேடுகிறேன்."

"எங்களைப் பிடுங்கினால் அவன் அகப்படுவானா?"

"தெரியாது. ஆனால் தேடாமல் இருக்க முடியவில்லை."

மார்பு முடிந்ததும் தோளுக்குப் போயிற்று. புதிதாகத் துளிர்த்த இறகுக் குருத்துகளை உறை பிரிவதற்குள் கடித்து எறிந்தது. குருத்துக்குள் ரத்தம் ஓடும். கூண்டின் கம்பிகளில் சிவப்புப் பொட்டுகள் காய்ந்தன.

தலையிலிருந்த இறகுகள் மட்டும் பச்சைப்பசேலென்று மின்னின. அவை பக்தியினாலோ பலத்தினாலோ தப்பவில்லை. சொந்த அலகுக்குச் சொந்தத் தலை எட்டாது, அவ்வளவுதான்.

சேலையின் இடைவெளியில் சலேத்தம்மாள் பார்த்தது அந்தத் தலையைத்தான். "ராசா மாதிரி இருக்கான்" என்றாள்.

விழுந்த இறகுகளைப் பெருக்கி அள்ளுவது பிரகாசி. அவள் ஓர் இறகைக் கையில் எடுத்தபோது அது கேட்டது: "நாங்கள் சொன்னதை நீயாவது படித்தாயா?"

"படிச்சேன்" என்றாள் பிரகாசி. "அம்மாட்ட சொல்லியும் பாத்தேன். நான் பேசுறதும் அவளுக்குக் கேக்காது."

அது உண்மைதான். சலேத்தம்மாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். கஸ்பாரின் முழுக்கைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்திருந்தாள். "சும்மாதான கெடக்கு. நீ போட்டுக்க. அவனப் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். அந்தச் சட்டையோடு வளையவரும்போது மட்டும் தாயின் கண் தன்மேல் ஒரு கணம் நிற்பதைப் பிரகாசி கண்டாள். அதற்காகவே புழுக்கத்திலும் அதைக் கழற்றாமல் இருந்தாள்.

கூண்டைக் கடக்கும்போது குரல் அவளிடம் தாழ்ந்து பேசும்.

"சட்டை உனக்கு நல்லா இருக்கு."

அவள் நடையை வேகமாக்குவாள்.

"இந்தக் கிளி ரொம்ப நாள் தாங்காது. எனக்கு ஒரு தொண்டை வேணும். ஒந்தொண்டைய யாரு கேக்குறா? சும்மாதான கெடக்கு."

ஒரு மதிய வேளை. சலேத்தம்மாள் பழத்தை நறுக்கித் தட்டில் எடுத்துக்கொண்டு கூண்டின் முன்னால் வந்து நின்றாள். கூண்டைச் சுற்றியிருந்த சேலைக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, உன் உடம்பை மறைத்த வரைக்கும் எனக்கு வெட்கமில்லை" என்றது சேலை. "இதை மறைக்க என்னால் ஆகாது." தன் முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொண்டு தரையில் விழுந்தது.

சலேத்தம்மாளின் கையிலிருந்த தட்டு நழுவியது.

கழுத்துக்கு மேலே அழகான பச்சைக் கிளி. கழுத்துக்குக் கீழே உரித்த கோழிபோலத் தோல். மேடும் பள்ளமுமாய்ச் சிவந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோலின் அடியில் இதயம் அடித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது.

அந்த அழகான தலை அவளைப் பார்த்துச் சொன்னது: "எம்மா, வந்துட்டேன்."

"நீ யாரு?" என்றாள் சலேத்தம்மாள்.

"ஒம் மவன்."

"எம் மவன் இத இந்தக் கதிக்கு ஆக்கமாட்டான். இது அவன் கையில தின்னு வளந்தது."

குரல் சிரித்தது. கஸ்பாரின் சிரிப்பேதான். "என்னப் போகச் சொல்லிருவியா? யோசிச்சுக்க. நான் இருக்கவரைக்குந்தான் அவன் இருக்கான். நான் போனா அவன் செத்துருவான். நீதான் கொன்னேன்னு ஆவும்."

சலேத்தம்மாள் கீழே பார்த்தாள். நறுக்கிய பழம் காலடியில் சிதறிக் கிடந்தது. குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். எடுத்த கை கூண்டை நோக்கித் தானாகப் போயிற்று.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதே குரல் கேட்டது.

"எம்மா, வந்துட்டேன்."

திரும்பினாள். கதவருகில் கஸ்பாரின் சட்டை நின்றது. சட்டைக்கு மேலே பிரகாசியின் முகம். அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வார்த்தை விரலிடுக்கு வழியே கசிந்தது. கண்ணீர் வழிய, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தூக்கிய கைகளிலிருந்து சட்டையின் முழுக்கை சற்றே சரிந்தது. மணிக்கட்டில் நகக் கீறல்கள். சில காய்ந்தவை, சில புதியவை.

சலேத்தம்மாள் பழத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மகளின் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கை வரைக்கும் கீறல். அதற்கு மேலும் கீறல்.

"ஏட்டி பிரகாசி" என்றாள். "பிரகாசி, என்னட்டி இது? நீதான் பிச்சிக்கிட்டியா?"

பிரகாசி வாயிலிருந்து கைகளை எடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. எந்தக் குரல் வரப்போகிறதோ என்று தாய் அவள் உதட்டையே பார்த்து நின்றாள்.

வெகுநாள் திறக்காத கதவு கரகரப்பதுபோல, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"நோவுதும்மா."

சலேத்தம்மாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்த கையை விடாமல், கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"போ" என்றாள்.

"அவன் செத்துருவான்" என்றது குரல்.

"தெரியும். போயிரு."

கிளி வாயைத் திறந்தது. ஏதோ ஒன்று வெளியேறுவதுபோல அதன் உடல் முழுதும் ஒருமுறை உதறியது. வீட்டுக்குள் உப்புத் தண்ணீரின் வாடை அடித்து, அடங்கியது. பிறகு கிளி ஒரு கிறீச்சென்ற சத்தம் போட்டது. அதில் சொல் எதுவும் இல்லை. கேட்கச் சகிக்காத, காது கூசும் கிளிச்சத்தம். தலை இறகுகள் படிந்து அடங்கின.

பின்னாளில் அதன் மார்பில் குருத்துகள் வந்தன, வந்தவற்றை அது கடிக்கவில்லை. தோளில் ஒரு பக்கம் மொட்டையாகவே நின்றுவிட்டது. மனிதர் பேச்சு எதையும் அது பிறகு பேசவில்லை. பிடரி சிலிர்த்தால் சலேத்தம்மாள் ஓரடி விலகி நிற்பாள். தலையைச் சாய்த்துக் கொடுத்தால் மட்டுமே தடவுவாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, அந்தக் கிறீச்சிடலைத் தொடர்ந்து அந்த வீட்டிலிருந்து இன்னொரு சத்தம் எழுந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் மீன் உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். சலேத்தம்மாள் தரையில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு, மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன சலேத்து? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"எம் மவன் கஸ்பார் போயிட்டான்" என்றாள் அவள்.

அது எப்போதோ நடந்ததாயிற்றே என்று ஒருவரும் சொல்லவில்லை. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.