மாப்பிள்ளை ஜீப்புக்கு ஆயில் மாற்றிய கதை

மலையடிவாரத்தில் அறிவூர் என்று ஓர் ஊர். பெயர் வைத்தவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும்.

அங்கே செண்பகராசு என்பவனுக்குக் கல்யாணம். பெண் வைரமணி மலைமேல் இருக்கும் மேல்காட்டுக்காரி. மாப்பிள்ளை ஜீப்பில் வந்து தாலி கட்டி, ஜீப்பிலேயே பெண்ணை அழைத்துப்போக வேண்டும் என்பது பேச்சு. பத்தரை மணிக்குள் வராவிட்டால் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை மகனும் விடியுமுன்பே பட்டுவேட்டி கட்டித் தயாராக இருந்தானாம்.

ஜீப் அவன் அப்பா காலத்துப் பழசு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் மலை ஏறும். அந்த இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டிக்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். அதன் ஆயிலைப் பற்றி மெக்கானிக் தங்கவேல் ஒரு மாதம் முன்பே புத்தி சொல்லியிருந்தார். "மலை ஏறுறதுக்கு முன்னாடி மாத்திரு. கீழ் நட்டைக் கழட்டிப் பழசை வடிச்சிரு. கண்ட ஆயிலையும் ஊத்தாத, கியர் பல்லெல்லாம் போயிரும். முன்னாடி எந்த ஆயில் இருந்துச்சோ அதே ஆயிலை, மேல் ஓட்டையில வழியிற வரைக்கும் ஊத்து."

மலை ஏறுவதற்கு முன்னாடி என்றால் முன்னாடிதானே? ஆகவே கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு, கழுத்தில் மாலையோடு, செண்பகராசு ஜீப்புக்கு அடியில் நுழைந்தான். துணைக்குக் கூட்டாளிகள் ஒச்சப்பனும் காமுத்துரையும். ஊரிலேயே விவரமானவர்கள் இவர்கள்தான். மற்றவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

நட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் கறுகறுவென்று சட்டியில் இறங்கியது. காமுத்துரை கடையிலிருந்து மூன்று டப்பா வாங்கி வந்திருந்தான். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், சிவப்பாக இன்னொன்று.

"இதுல எதுடா அதே ஆயில்?" என்றான் செண்பகராசு.

மூவரும் குத்தவைத்து யோசித்தார்கள்.

"மூணுமே இல்ல," என்றான் ஒச்சப்பன். "இதெல்லாம் நேத்துவரைக்கும் கடையில இருந்துச்சு. நம்ம பெட்டிக்குள்ள இருந்த ஆயிலு இந்தச் சட்டியில இருக்கிறது மட்டுந்தான்."

செண்பகராசுவுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு மூளை கூட்டாளியாக வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"கீழ் நட்டை மாட்டணுமாடா?" என்று கேட்டான்.

"தங்கவேல் அண்ணே கழட்டச் சொன்னாரு. மாட்டச் சொன்னாரா?" என்றான் ஒச்சப்பன்.

"இல்ல."

"அப்ப அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத."

சட்டியின் அடியில் உடைந்த கியர் பல் ஒன்று கிடந்தது. காமுத்துரை அதை எடுத்துத் துடைத்தான். "பல்லு போயிரக்கூடாதுன்னு அண்ணே படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. இதையும் உள்ள போட்டுருவோம்."

ஊற்றினார்கள். மேலே ஊற்றியது கீழே சட்டிக்கு வந்தது. சட்டியை எடுத்து மறுபடி ஊற்றினார்கள். பல்லும் ஒவ்வொரு தடவையும் டங்கென்று விழுந்து, உரிய மரியாதையோடு உள்ளே திரும்பியது. மணி ஒன்பதாயிற்று.

"மேல வழியவே மாட்டேங்குதேடா," என்றான் செண்பகராசு.

"பழைய வண்டி. தாகம் ஜாஸ்தி," என்றான் காமுத்துரை.

ஒன்பதரை மணிக்கு மாப்பிள்ளை அழுதேவிட்டான். ஒற்றையடிப் பாதையில் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் மேல்காடு. ஆனால் ஜீப்பில் வருவதாகச் சொன்ன சொல் என்னாவது?

பத்தேகாலுக்கு அதே பாதையில் வைரமணியே இறங்கி வந்தாள், கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அத்தை மகனின் மூஞ்சியை அவளால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. பின்னால் மூச்சிரைக்க அப்பாவும், தாலித்தட்டோடு பூசாரியும்.

"மொதல்ல தாலியக் கட்டுங்க," என்றாள்.

ஒச்சப்பன் பானெட்டில் கெட்டிமேளம் தட்ட, செண்பகராசு ஆயில் கையோடு மூன்று முடிச்சும் போட்டான். போன உயிர் திரும்பி வந்தது.

மாமனாருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. "சரி மாப்ள, பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார். வீடு எதிரே பத்தடியில் இருந்தது.

செண்பகராசு பதறினான். "அதெப்படி மாமா? மேல்காட்டுல இருந்து ஜீப்புலதான கூட்டிட்டு வரணும்னு பேச்சு?" பிறகு வைரமணியிடம் குழைந்தான். "நீ நடந்து மேல போயி இரு. ஆயில் வழிஞ்சதும் வந்துர்றேன்."

ஒச்சப்பனுக்கு வந்ததே கோபம். "உனக்கு அறிவிருக்காடா? தாலி ஈரம்கூடக் காயல, கல்யாணப் பொண்ணை மலையேறி நடக்கவா சொல்லுவ?" என்று பாய்ந்தான். வைரமணி நன்றியோடு அவனைப் பார்த்தாள்.

"நீ உக்காரு தங்கச்சி," என்றான் ஒச்சப்பன். "ஆயில் ரொம்புனதும் நாங்களே உன்னைய ஜீப்புல மேல கொண்டுபோயி விட்டுட்டு, அப்புறமா கூட்டிட்டு வர்றோம்."