எண்ணாமல் ஓடியவள்

தில்லைநாயகம் முப்பத்தொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஐந்தாவது வருடம் நெஞ்சில் அடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். தினமும் உடம்பு வியர்க்க ஏதாவது செய்யுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் இங்கேதான் வருவீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

காலையில் நடந்தார். பதினோரு நாளில் நின்றுபோனது. யோகா வகுப்பில் சேர்ந்தார். மூன்று வாரம். மகன் ஒரு சைக்கிள் மிஷின் வாங்கிக் கொடுத்தான். அதன்மேல் இப்போது துண்டு காய்கிறது.

அவமானமாக இருந்தது. வெளியே சொல்ல முடியவில்லை. கடைசியில் மலையடிவாரத்து மடத்துக்குப் போனார். அங்கே மெய்யம்மை இருந்தார். தில்லைநாயகத்தைவிடப் பதினெட்டு வயது சின்னவர். மனைவி இறந்த வருடம் முதல் தில்லைநாயகம் குருவாக நினைத்து வந்தது அவரைத்தான்.

"அம்மா, ஆயிரக்கணக்கான பிள்ளைங்களை ஓட வச்சவன் நான். என்னால ஒரு மாசம் சேர்ந்தாப்ல நடக்க முடியல. எனக்கு மன உறுதி இல்லையா?"

"நடக்கும்போது என்ன செய்வீங்க?"

"எண்ணுவேன்."

"எதை?"

"சுத்தை. இன்னும் எத்தனை பாக்கின்னு."

"உங்க பிள்ளைங்க?"

"அவங்களும் எண்ணுவாங்க. லேட்டா வந்தா மூணு சுத்து. யூனிஃபார்ம் அழுக்கா இருந்தா அஞ்சு. சத்தமா எண்ணிக்கிட்டே ஓடணும். அதுதான் என் வழக்கம்."

"எண்ணாம ஓடின பிள்ளை யாராவது உண்டா?"

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார்.

"இல்லைம்மா."

மெய்யம்மை மடத்தின் பின்பக்கம் கை காட்டினார்.

"மன உறுதியைப் பத்தி அப்புறம் பேசுவோம். பின்பக்கம் சௌந்தரத்துக்கு ஜோடி இல்லாம ஆட்டம் நிக்குது. போய் நில்லுங்க."

சௌந்தரம் மடத்தில் சமைப்பவள். தினமும் சாயங்காலம் அவளும் இன்னும் மூன்று பெண்களும் பின்பக்கத்து வெறுந்தரையில் வலை கட்டி, ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கும் வளையப்பந்து ஆடுவார்கள். சௌந்தரத்தின் ஜோடி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள்.

"அது பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டம்மா. ஸ்கூல்ல நான் அதைத் தொட்டதே இல்ல."

"இங்க பார்த்துச் சிரிக்க யாரும் இல்ல. போங்க."

சிரிக்க சௌந்தரம் இருந்தாள். அறுபது வயது, பருத்த உடம்பு. "என்ன வாத்தியாரே, வளையம் வந்தா பாம்பு வந்த மாதிரி ஒதுங்குறீங்க?" என்றாள். தில்லைநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் பஸ் பிடித்து முன்னதாகவே வந்து நின்றார்.

நான்காம் நாள் இடப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையில் வளையத்தைப் பிடித்தார். யாரோ பலமாகச் சிரிப்பது கேட்டது. சிரித்தது தான்தான் என்று ஒரு கணம் கழித்தே அவருக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மழை தூறினாலும் வந்தார். சௌந்தரத்தின் பழைய ஜோடி திரும்பி வந்தபோது, தன் இடம் போய்விடுமோ என்று அவர் முகம் சுண்டிப்போனது. "ஆள் மாத்தி ஆள் ஆடுவோம் வாத்தியாரே, அழுதுறாதீங்க" என்றாள் சௌந்தரம்.

அடுத்த முறை போனபோது டாக்டருக்குச் சந்தோஷம். "எத்தனை நாளா செய்றீங்க?" என்று கேட்டார்.

தில்லைநாயகம் எண்ணியிருக்கவில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சட்டையில் வியர்வை காயுமுன் மெய்யம்மையின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அன்னைக்குப் பொய் சொன்னேன். ஒருத்தி இருந்தா."

"சொல்லுங்க."

"செண்பகவல்லின்னு பேரு. எட்டாங்கிளாஸ். தம்பியைப் பால்வாடில விட்டுட்டு வருவா. அதனால தினமும் லேட்டு. மூணு சுத்து குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே ஓடினா. எத்தனை ஆச்சுன்னு கேட்டேன். 'எண்ணலையே சார்'னா. எனக்கு ஆத்திரம். பத்து குடுத்தேன். அதையும் அப்படியேதான் ஓடினா. தண்டனை குடுக்குறவனுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கு?"

"என்ன செஞ்சீங்க?"

"இனிமே நீ ஓடவே கூடாதுன்னுட்டேன். டிரில் பீரியட்ல வேப்பமரத்தடியில உட்கார வச்சேன். அந்த வருஷம் பூரா. அடுத்த வருஷமும். முதல்ல கெஞ்சினா. அப்புறம் நான் சொல்லாமலே அவளாப் போய் உட்கார்ந்துக்குவா."

"அதுக்கப்புறம் அவங்களைப் பார்த்தீங்களா?"

"போன வருஷம் ஆஸ்பத்திரில பார்த்தேன். சர்க்கரை. கால் மரத்துப்போகுதாம். உடம்பு கனத்துப்போயிருந்தா. என்னைப் பார்த்ததும் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னா. டாக்டர் நடக்கச் சொல்றாராம், ரெண்டு நாள் நடந்தா மூணாம் நாள் போகத் தோணலையாம். 'எனக்கும் ஓட்டம் நடைக்கும் சின்ன வயசுலேருந்தே ஏழாம் பொருத்தம், உங்களுக்குத்தான் தெரியுமே சார்'னா. நான் ஆமாம்மான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். வளையம் பட்டுப் பட்டுச் சிவந்திருந்தது.

"எனக்கு இந்த வயசுல கிடைச்சது அவளுக்குப் பதிமூணு வயசுலயே கிடைச்சிருந்துதும்மா. நான் பிடுங்கிட்டேன்."

"வீடு தெரியுமா?"

"விசாரிச்சாத் தெரிஞ்சிரும்."

"போய்ட்டு வாங்க."

மூன்று நாள் அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார். பின்பக்கம் போகாமல் நேராக மெய்யம்மையிடம் வந்தார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். காபி போட்டுக் குடுத்தா. புருஷன், பிள்ளைங்க எல்லாரும் இருந்தாங்க. அவங்க எதிர்லயே மன்னிப்புக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவளுக்குப் புரியவே இல்லம்மா. 'எனக்கு ஓட வராதுன்னுதானே சார் உட்கார வச்சீங்க? நல்லதுதானே செஞ்சீங்க?'ன்னு கேக்குறா. நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். 'அய்யோ, பெரியவங்க நீங்க, விடுங்க சார்'னு எனக்கே ஆறுதல் சொல்லி, பிள்ளையைக் கூட அனுப்பி பஸ் ஏத்தி விட்டா."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனி நான் என்னம்மா செய்ய முடியும்?"

மெய்யம்மை கேட்டார்: "அவங்க எப்படி ஓடுவாங்க?"

"என்னம்மா?"

"செண்பகவல்லி. அந்த வயசுல எப்படி ஓடுவாங்க? சொல்லுங்க, கேப்போம்."

தில்லைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செருப்பைக் கழட்டிக் கொடிக்கம்பத்துக்கிட்ட வச்சிருவா. பாவாடையைத் தூக்கி இடுப்புல செருகிக்குவா. முதல் சுத்து மெதுவாத்தான் போவா. ரெண்டாவது சுத்துல காலு தரையில படுதா இல்லையான்னு தெரியாது. திருப்பத்துல உடம்பைச் சாய்ச்சுத் திரும்புவா, அதை யாரும் சொல்லிக் குடுக்கல. மூணாவது சுத்துல கண்ணை மூடிக்குவா. கண்ணை மூடிக்கிட்டுக் கையை ரெண்டையும் இப்படி விரிச்சு... மைதானத்துல மேயுற கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும். வந்து நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டே, 'இன்னும் ஒரு சுத்து ஓடட்டுமா சார்'னு கேப்பா. முப்பத்தொரு வருஷத்துல அப்படிக் கேட்டது அவ ஒருத்திதான்."

அவர் கைகள் விரிந்தபடியே இருந்தன. முகம் மலர்ந்திருந்தது.

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார் மெய்யம்மை.

தில்லைநாயகம் மெல்லக் கைகளை இறக்கினார். "இல்லைம்மா" என்றார்.