கொடியில் காய்ந்த தலையணை உறை

இந்தக் கதையில் ஒரு பொய்யும் இரண்டு மௌனங்களும் வருகின்றன. முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கரூரில் லோகநாயகி படுக்கை விரிப்பு நெய்யும் தறிக்கூடம் நடத்தினாள். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பச்சை விரிப்புகள் அனுப்பியிருந்தாள். பணம் வர மாதக்கணக்காகும். அதுவரை நூல் வாங்க வழியில்லை; நூல் இல்லாவிட்டால் தறி நிற்கும். அதனால் கையிலிருந்த பில்களை ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்க ஏற்பாடு செய்தாள். நிறுவனம் இப்போதே பணம் தரும். சரக்கு வாங்கியவர்களிடம் பிறகு அதுவே வசூலித்துக்கொள்ளும். சரக்கில் தகராறு மட்டும் இருக்கக் கூடாது.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்தச் சரக்கு அனுப்பினாலும் அதில் ஒரு விரிப்பைத் தன் கட்டிலில் போட்டுப் படுப்பாள்; பிறகு தன் துணிகளோடு சேர்த்துத் துவைப்பாள். நிறுவனத்திலிருந்து ஆள் வரவிருந்த அன்று காலை, வாளியிலிருந்து அவளுடைய வெள்ளைத் தலையணை உறை பச்சையாக வெளியே வந்தது.

உடனே மருத்துவமனையின் ஸ்டோர் மேலாளர் அந்தோணிசாமிக்குப் போன் செய்தாள். “சார், சாயம் போகுதுங்க. கட்டைப் பிரிக்காம வைங்க, மாத்தித் தர்றேன்.”

அவர் நெகிழ்ந்துபோனார். “வித்தவங்களே குறை சொல்லி இப்பத்தாம்மா கேக்குறேன். உன் பில்ல வாங்குற ஃபைனான்ஸ்காரங்க கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிர்றேன், நீ மெதுவா மாத்திக் குடு. ஆனா இது வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்.”

“உங்க பேரு என் வாயில வராதுங்க” என்று வாக்குக் கொடுத்தாள். பொய் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார்.

விரிப்பையும் உறையையும் வாசல் கொடியில் காயப்போட்டாள். கொழுந்தன் தனராசு உள்ளே வந்தான். “அண்ணி, காரு வர்றதுக்குள்ள அந்த உறைய எடுத்து உள்ள போடுங்க. கட்சிக்காரங்க வீட்டுக் கொடியாட்டம் வாசல்லயே ஆடுது.”

“அது காயட்டும்” என்றாள்.

நிறுவனத்திலிருந்து ஷமீம் வந்தாள். பில்களைப் புரட்டினாள். “வர்ற வழியிலேயே ஆஸ்பத்திரியில பேசிட்டேன்க்கா. குறை எதுவும் இல்லைன்னாங்க. இந்த ஒரு பில் போதும், உங்க தறி எல்லாம் ஓடும்.”

உண்மையைச் சொன்னால் அந்தோணிசாமியின் வேலை போகும். சொல்லாவிட்டால் ஷமீமின் நிறுவனம் ஏமாறும்.

லோகநாயகி அந்த பில்லை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இதை நான் விக்கலைங்க. மத்ததைப் பாருங்க.”

“ஏன்க்கா?”

“விக்கலைங்க.”

ஷமீமின் பார்வை வாசலுக்குப் போனது. கொடியில் பச்சை விரிப்பு. பக்கத்தில் பச்சை உறை. உறையின் தையல் நூல் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் மற்ற பில்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த மாதம் பாதித் தறிகள்தான் ஓடின. உண்மையை யாருமே வாய்விட்டுச் சொல்லாத ஒரு அறையில், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

இரக்கப்பட்டுப் பொய் சொன்ன அந்தோணிசாமி, காரணம் சொல்லாமல் பில்லை எடுத்துக்கொண்ட லோகநாயகி, புரிந்தும் கேட்காத ஷமீம். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: லோகநாயகி. அந்தோணிசாமியின் இரக்கம் பெரியதுதான்; அதன் செலவு வேறொருவர் தலையில் விழுந்திருக்கும். ஷமீமின் மௌனம் அழகானது; ஆனால் அந்த பில் மேசையிலேயே கிடந்திருந்தால் அதே மௌனம் குற்றமாகியிருக்கும். நஷ்டத்தைத் தன் தறிகளோடு நிறுத்திக்கொண்டவள் லோகநாயகி மட்டும்தான். அவள் உண்மையை மறைத்தாள் என்றும் சொல்ல முடியாது. கொடியிலிருந்து அந்த உறையை எடுக்க அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது.