மில் முதலாளிக்கு ஏற்ற ஸ்டியரிங்

கோயம்புத்தூரில் ரத்தினசபாபதி என்றொரு மில் முதலாளி. சொந்தமாக ரேஸ் கார், ஏழு விரலில் ஏழு ராசிக்கல் மோதிரம், அதற்கு மேல் கையுறை. இப்படித்தான் அவர் பந்தயத்துக்குக் கிளம்புவார்.

அன்று காலை பன்னிரண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, பன்னிரண்டையும் வீசி எறிந்தார்.

"எல்லாம் கையைக் கடிக்குது. மத்தியானப் பந்தயத்துக்குள்ள மெத்துனு ஒண்ணு மாட்டு. இல்லைன்னா வேற மெக்கானிக்கைப் பார்த்துக்கறேன்."

மெக்கானிக் துளசிமணி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டிடலாமுங்க. கை அளவு எடுக்கோணும், மோதிரத்தைக் கழட்டுங்க."

கேன்டீன் சப்பாத்தி மாவில் முதலாளி கம்பீரமாகக் கையைப் பதித்தார். மோதிரங்கள் அவளுடைய டிபன் பாக்ஸுக்குள் போயின.

"புது ஸ்டியரிங் வெறுங்கைக்குத்தானுங்க பொருந்தும்" என்று சொல்லி அப்படியே அவரை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

எப்போதும் கடைசியில் வருகிறவர் அன்று இரண்டாவதாக வந்தார். இறங்கியதும் மைக்கைப் பிடித்தார். "பஞ்சு மாதிரி இருக்கு. எந்த நாட்டுச் சரக்கு இது?"

"காலையில நீங்க மொதல்ல வீசினதுங்க." துளசிமணி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப என் ஏழு கிரகத்துக்கும் என்ன வேலை?"

"ஏழு பேரும் சேர்ந்து பிடிச்சா ஸ்டியரிங் எப்படிங்க திரும்பும்? அவங்க கேலரியில உட்கார்ந்து பார்க்கட்டும். வண்டிய நீங்க ஓட்டுங்க."

அடுத்த பந்தயத்துக்கு முதலாளி ஒரு டிக்கெட் கூடுதலாக வாங்கினார். முன்வரிசை நாற்காலியில் டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது.