வெறுமையாக வந்த செய்தி

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அந்த மருத்துவமனை தினமும் காலையில் போனில் ஒரு செய்தி அனுப்பும். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ பேச முடியாதவர்கள் செய்தியிலேயே பதில் அனுப்புவார்கள்.

அந்தப் பதில்களை மருத்துவமனையின் பழைய கணினிக்குப் புரியும் எழுத்துமுறைக்கு மாற்றும் புரோகிராமைக் கார்மேகம் எழுதினார். வங்கி வேலையை விட்டுவிட்டு நடுவயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட வயதில் சின்னவர்.

பழைய எழுத்துமுறையில் எமோஜிப் படங்களுக்கு இடம் கிடையாது. ஒரு சிரித்த முகம் வந்தாலே புரோகிராம் நின்றுவிடும். உடனே வார்டிலிருந்து போன் வரும். பொறுத்துப் பார்த்த கார்மேகம் ஒரு கட்டளையைச் சேர்த்தார்: மாற்ற முடியாததை விட்டுவிட்டு மேலே போ. அதன்பின் புரோகிராம் நிற்கவில்லை. போனும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை சொர்ணத்தாய் என்ற பெண்ணை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். தொண்டைத் தையல் விட்டு ரத்தம் கசிந்திருந்தது. எழுதத் தெரியாதவர். காலையிலேயே ரத்தத் துளிப் படங்களை வரிசையாக அனுப்பியிருந்தார். நர்ஸின் திரையில் வந்ததோ வெறுமையான செய்தி. கை தவறிப் பட்டிருக்கும் என்று நர்ஸ் நினைத்துவிட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் சொன்னார்கள். அப்படியும் கார்மேகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெஹருன்னிசாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரோகிராமை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

“இப்ப படத்தை விட்டுடாம கேள்விக்குறி போடுது மேடம்.”

“சிரிச்ச முகத்துக்கு?”

“கேள்விக்குறி.”

“ரத்தத்துக்கு?”

கார்மேகம் அதையும் அழித்தார்.

“ஒவ்வொரு படத்துக்கும் பேர் எழுதிடறேன். ரத்தத் துளின்னே வரும்.”

“நல்லது. புதுசா ஒரு படம் வந்தா?”

“பேர் தெரியாதே. நிறுத்தினா மத்தவங்க பதிலும் நின்னுபோகுது. விட்டா இப்படி ஆகுது. எதுதான் மேடம் சரி?”

மெஹருன்னிசா லேப்டாப்பை மூடினார். “வாங்க, அவங்களைப் பாத்துட்டு வரலாம்.”

சொர்ணத்தாய் கழுத்தில் குழாயோடு சாய்ந்திருந்தார்.

“உங்க செய்தி வராம போனது என்னாலதாம்மா,” என்றார் கார்மேகம்.

சொர்ணத்தாய் கார்மேகத்தையே பார்த்தார். பிறகு கையை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார். விரல்களை மடக்கி விரித்தார்.

“ஜன்னலைச் சாத்தணுமா?”

இல்லை என்று தலையாட்டினார். மறுபடி அதையே செய்தார்.

“வெளிய யாராவது நிக்கறாங்களா?”

அதுவும் இல்லை. கார்மேகத்தின் போன் அடித்தது. எடுக்காமல் அணைத்தார். கட்டிலருகே குனிந்தார். அந்தக் கை மறுபடி உயர்ந்தது.

“புரியுதா சார்?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“இல்லை மேடம்.”

“அப்ப வாங்க, போகலாம். வேலை கிடக்கு.”

“இருங்க மேடம். என்னமோ சொல்றாங்க. எனக்குப் புரியலைன்னா அப்படியே விட்டுட்டுப் போயிட முடியுமா? முதல்ல நர்ஸைக் கூப்பிடுங்க.”

“கூப்பிடறேன்,” என்றார் மெஹருன்னிசா. “இதையே உங்க புரோகிராமுக்கும் சொல்லிடுங்க.”